முறுக்குக் கம்பி

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளைப் பழனியில் நான் நாள்தோறும் காண்கிறேன். சில வகை வண்டிகளில் முன்பாரத்தைத் தாங்குவது ஒரு நீண்ட எஃகுக் கம்பியே. அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையிலும், மறுமுனை வண்டிச் சட்டத்திலும் பொருந்தியிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுகும். இறங்கினால் முறுக்குத் தளரும்.

சட்டத்தின் பக்கமுள்ள போல்ட்டை முடுக்கினால் வண்டியின் முன்புறம் உயரும். உடனே, இனிக் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று சிலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. 1784இல் கூலும் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கியபடி, கம்பியின் விறைப்பு அதன் நீளம், விட்டம், உலோகம் ஆகியவற்றைச் சார்ந்தது. விட்டம் இருமடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். போல்ட்டோ இவற்றுள் ஒன்றையும் மாற்றுவதில்லை. கம்பி நிற்கும் நிலையை மட்டுமே மாற்றுகிறது.

மேலும், உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வு மாறி டயர் ஒருபுறமாகத் தேயும். முன்விளக்கு எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆதலின் நாட்பட்டுத் தாழ்ந்த முன்புறத்தை, வண்டியைச் செய்தோர் குறித்த அளவுக்கே உயர்த்தி, பின்னர் அலைன்மென்ட் பார்த்தல் வேண்டும். மிகைப்பாரத்துடன் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு அந்தப் போல்ட் துணை செய்யாது.