இலைக்குள் ஒளியும் இரும்பு

கடந்த வருடக் கண்காட்சியில் எனது மேசைக்கு முன்னால் நின்ற ஒரு தாய், “இது என்ன மகள், பூச்சாடியா?” என்று கேட்டார். அது பூச்சாடியல்ல, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் பாவித்த ‘பாந்தர்’ யுத்த தாங்கியின் பிளாஸ்ரிக் மாதிரி. நானா கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் அதைப் பொருத்தி, நிறமும் பூசி வைத்திருந்தார். “இல கட்டுற வேல மட்டும்தான் மிச்சம். அத நீ செய் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பச்சைப் பஞ்சைப் பிய்த்து ஒட்டினேன். அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது.

வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து முதலிலிருந்து படித்தேன். அப்படிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

தாங்கியில் ஏன் இலை கட்டினார்கள்? 1944 ஜூன் மாதம் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கின. வானம் அவர்களது விமானங்களின் வசம் இருந்தது. பகலில் வீதியில் அசையும் ஜேர்மன் வாகனங்கள் தாக்குதலுக்கு இலகுவில் அகப்பட்டன. ஆகவே இரவில் நகர்ந்து, பகலில் பழத்தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் ஒதுங்கினார்கள். அங்குள்ள வயல் வேலிகள் மண் அணையின் மேல் ஹேசல், ஹோதோர்ன், ஓக் போன்ற மரஞ்செடிகள் அடர்ந்து வளர்ந்தவை. அவற்றில் வெட்டிய கிளைகளைத்தான் தாங்கியில் கட்டினார்கள். சங்கிலிச் சில்லு மண்ணில் பதித்த தடத்தைக்கூட அழித்துவிட்டே ஒளிந்தார்கள். எனவே முதல் விதி இது: தாங்கியின் மேல் இருக்கும் இலை, அது நிற்கும் இடத்து இலையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி அளவு. எங்கள் மாதிரி 1:35 அளவுடையது. குழாயையும் சேர்த்து 8.66 மீற்றர் நீளமான பாந்தர், இதில் 25 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். அப்படியானால் 7 சென்ரிமீற்றர் இலை ஒன்று 2 மில்லிமீற்றராக வேண்டும். நான் ஒட்டிய பஞ்சுத் துண்டோ ஒரு சென்ரிமீற்றர். 35ஆல் பெருக்கிப் பாருங்கள்! நோர்மண்டியில் ஏது ஈரப்பலா மரம்?

பொருட்களுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. மாம்பூ உதிர்ந்தபின் காய்ந்து விழும் கொத்துக் காம்பு, கிளை பிரிந்த சின்ன மரம்போலவே இருக்கும். அதில் மூன்று சென்ரிமீற்றர் முறித்தால் ஏறத்தாழ ஒரு மீற்றர் கிளை. இலைக்கு மெல்லிய கடதாசி. ஒரு பக்கம் கடும் பச்சையும், மறுபக்கம் வெளிறிய பச்சையும் பூசுங்கள். பெரும்பாலான இலைகளின் அடிப்பக்கம் வெளிறியதுதான். காய்ந்தபின் 2 மில்லிமீற்றர் கீலங்களாக வெட்டி, அவற்றைச் சரிவாக நறுக்கினால் சாய்சதுரத் துண்டுகள் கிடைக்கும். ஊசி முனையால் நடுவில் அழுத்தி லேசாக மடித்து, பைண்டர் கம்மில் தொட்டு ஒவ்வொன்றாகக் காம்பில் ஒட்டுங்கள். கண் வலிக்கும், ஆனால் பத்துக் கிளைகள் முடிந்ததும் கை பழகிவிடும். உண்மையான இலையைக் காயவைத்துத் தூளாக்கியும் ஒட்டலாம். ஆனால் பச்சையம் சிதைந்து பழுப்பாகிவிடும் என்பதால் அதற்கும் நிறம் பூசியே ஆக வேண்டும். தேநீர் வடித்த சாயத்தூளைக் காயவைத்தால், தாங்கியின் மேல் உதிர்ந்து கிடக்கும் சருகுக்கு அதைவிட நல்ல பொருளில்லை. கடைசியில் மினுக்கமில்லாத வார்னிஷ் பூசுங்கள். பசை பளபளத்தால் எல்லாம் பொய்யாகிவிடும்.

அடுத்தது, எங்கே கட்டக்கூடாது என்பது. சாரதி பார்க்கும் துவாரம், குறிபார்க்கும் துளை, ஆள் ஏறி இறங்கும் மூடி, மேற்கூடு சுழலும் இடம், பின்னால் இயந்திரத்துக்குக் காற்றுப் போகும் கம்பிவலை ஆகியவற்றை மறைக்கக் கூடாது. மறைத்தால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. கட்ட வேண்டியது நேர்கோடுகளின் மேல்: நீண்ட குழாய், கூட்டின் மூலைகள், உடலின் விளிம்புகள். 1940இல் விலங்குகளின் நிறங்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை எழுதிய ஹியூ கொட் என்ற விலங்கியலாளர், போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவத்தின் உருமறைப்புப் பணியிலும் இருந்தார். நிறம் ஒத்துப்போவது மட்டும் போதாது, உருவத்தின் விளிம்பு உடைய வேண்டும் என்பது அவர் விளக்கிய தத்துவங்களில் ஒன்று. பழைய மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழையால் கிளையைக் கட்டினால் அசலாகத் தெரியும்.

கடைசி விதியை எங்கள் கொய்யா மரம் கற்றுத் தந்தது. சுபஹுக்குப் பின் ஒரு கிளையை வெட்டித் தகரக் கூரைமேல் வைத்தேன். ளுஹர் வேளையில் இலைகள் தொங்கிச் சுருண்டு, வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. உயிரியல் படிக்கும் தோழிகளுக்குக் காரணம் தெரியும்: காழ் வழியாக நீர் வருவது நின்றுவிட்டது, ஆவியுயிர்ப்போ நிற்கவில்லை. பச்சை வேலியில் வாடிய கிளை தனித்துத் தெரியும். காப்பாற்ற வந்த இலையே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கிளைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை அறிந்தபின் என் கிளைகளில் சிலவற்றின் இலைகளை வளைத்து, சற்று மஞ்சளும் தொட்டேன். அப்போதுதான் பொம்மை தாங்கியானது.

உம்மம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. யுத்த காலத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனவர் அவர். ஒருநாள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“இதுக்குள்ள எத்தின பேர் மகள்?”

“அஞ்சு பேர், உம்மம்மா.”

“வானத்துக்குப் பயந்தா இந்தக் கொப்பெல்லாம்?”

“ஓம்.”

“பாவம், யாரு பெத்த புள்ளைகளோ” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர்கள் பக்கம் நியாயமில்லாத பக்கம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் அதன்பிறகு ஒவ்வொரு கிளையைக் கட்டும்போதும் அந்த ஐந்து பேர் நினைவுக்கு வந்தார்கள். நல்ல மாதிரி என்பது இரும்பின் பலத்தை மட்டும் காட்டினால் போதாது. உள்ளே இருந்தவர்களின் பயத்தையும் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வேலை முடிந்ததும் நானாவுக்குப் படம் அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. “எத்தின மணிக்கு வெட்டின கொப்பு இது?” என்று மட்டும் கேட்டார்.

“சுபஹுக்குப் பொறகு. இப்ப ளுஹர் ஆகுது” என்று எழுதினேன்.