மேசன் வேலை பழகியவர் தொழில் மாறும்போது

யாழ்ப்பாணத்தில், உரும்பிராயிலும் வலிகாமத்தின் மற்ற ஊர்களிலும் கட்டடத் தொழில் பழகும் இடம் வீடு எழும் வளவுதான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட இளைஞன், சொந்தத்திலோ அயலிலோ உள்ள ஒரு மேசனிடம் கையாளாகச் சேர்கிறான். கலவை குழைப்பது, கல் எடுத்துக் கொடுப்பது, சாரம் கட்டுவது என்று நாட்கள் போகும். பிறகுதான் கரண்டி கைக்கு வரும். நேர்ச்சுவரில் கல் வைத்துப் பழகியவனுக்கே மூலை எழுப்பவும் பூச்சு வேலை செய்யவும் இடம் கிடைக்கும்.

இந்தப் பழக்கத்துக்குள் நிறையக் கணக்கு இருக்கிறது. அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது, மூலைக் கட்டையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியிலும் மற்றக் கயிற்றில் 4 அடியிலும் அடையாளம் இடுவார்கள். இரண்டு அடையாளங்களுக்கும் இடையில் சரியாக 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். அரை அங்குலம் கூடினாலும் கயிற்றை நகர்த்திக் கட்டவேண்டும். பள்ளிக்கூடத்தில் பைதகரசின் தேற்றமாகப் படித்தது இங்கே கயிறும் கட்டையுமாக நிற்கிறது. ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணலும் நான்கு பங்கு சல்லியும் என்ற கொங்கிறீட் அளவும், நீர் நிரப்பிய குழாயால் அறைக்கு அறை மட்டம் பார்ப்பதும் இதே வகைதான்.

இவ்வளவு பழகியவர்களும் தொழிலை விட்டுப் போவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது உடம்பு. மூட்டை தூக்கியும் குனிந்து நின்றும் வேலை செய்பவர்களை நாரி உளைவும் முழங்கால் நோவும் பிடிக்கின்றன. ஈரச் சீமெந்தின் காரம் கைத்தோலை அரிக்கிறது. இரண்டாவது வருமானம். வேலை உள்ள நாளுக்குத்தான் கூலி; நாட்கூலிக்கு நிற்பவர்களில் பலருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. மூன்றாவது வேலையின் ஏற்ற இறக்கம். 2009இல் போர் முடிந்தபின் இந்திய வீட்டுத் திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் எழுந்தபோது மேசன்மாருக்குக் கை ஓயாத வேலை இருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியதும் பல கட்டடங்கள் அரைச்சுவரோடு நின்றன.

தொழில் மாறுபவர் ஓட்டோ ஓட்டவோ கடையில் நிற்கவோ போனால், பல வருடப் பழக்கம் அப்படியே கைவிடப்படுகிறது. கட்டட மேற்பார்வை, செலவு மதிப்பீடு, வரைபடம் வரைதல், தொழிற்பயிற்சி நிலையத்தில் போதனாசிரியர் வேலை ஆகியவற்றில் அந்தப் பழக்கமே முதல். ஆனால் அங்கே சான்றிதழ் கேட்பார்கள்.

அதற்கு இலங்கையில் வழி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். வகுப்புக்குப் போகாமல் வேலையிடத்திலேயே பழகியவரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி இந்தச் சான்றிதழைப் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இந்த மதிப்பீட்டை நடத்துகிறது. அதற்குமேல் டிப்ளோமா படிக்கக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தார் பலர் வாழும் ஜேர்மனியில், ‘மைஸ்டர்’ எனும் தலைமைக் கைவினைஞர் தகுதி பெற்றவர் உயர்தரப் பரீட்சை இல்லாமலே பல்கலைக்கழகத்தில் சேர 2009இல் வழி திறக்கப்பட்டது. கைத்தொழிலும் படிப்புத்தான் என்பதை அந்த நாடு சட்டத்தாலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இளம் வயதில் பழகுவதற்கும் எல்லை உண்டு. இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. ஆபத்தான வேலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவரை ஈடுபடுத்தக்கூடாது. ஆகவே பிள்ளையை மேசனிடம் அனுப்பும் குடும்பம் தொடக்கத்திலேயே அவனைப் பயிலுநராகப் பதிவுசெய்வது நல்லது. வேலை நடக்கும் ஒவ்வொரு வீட்டிலும் படம் எடுத்துவைத்து, வீட்டுக்காரரிடம் அல்லது ஒப்பந்தகாரரிடம் ஒரு கடிதமும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரு கோவையில் சேர்த்துவைக்கவேண்டும். பின்னாளில் நாரி வலித்து வேறு வேலை தேடும்போது, மதிப்பீட்டாளரின் மேசையில் வைக்க அந்தக் கோவை வேண்டும்.