ஒரு மாசம் குடியை விட்டால் சர்க்கரை இறங்குமா?



2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது உயிருக்கு மேல் பலிவாங்கியதை ரிஷிவந்தியம் வட்டாரம் மறக்காது. விஷம் கலக்காத சாராயமும் உடம்பைக் கெடுக்கும்.

வயலுக்கு மடை எப்படியோ, உடம்புக்கு இன்சுலின் அப்படி. ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் பாய விடுவது அதுதான். குடியால் ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் மடை சரியாகத் திறக்காது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும்.

லண்டனில் வழக்கமாகக் குடித்துவந்த 94 பேர் ஒரு மாசம் நிறுத்திப் பார்த்தாங்க. இன்சுலினுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு சுமார் 26 சதவீதம் குறைந்தது. எடையும் ரத்த அழுத்தமும் இறங்கின. 2018-இல் வெளிவந்த ஆய்வு இது. திரும்பக் குடித்தால் பலன் நிலைக்காது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுறவங்க வெறும் வயிற்றில் குடித்தால், ஈரல் சர்க்கரை விடுவது குறைந்து, அளவு திடீரென இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். போதை என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தினமும் நிறையக் குடிக்கிறவங்க சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரைப் பாருங்க. மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்காதீங்க.

அறுவடைக் கூலி வீடு சேரட்டும்.