பெரிய இன நாய்க்குட்டிக்கு உணவும் பழக்கமும்

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும்; ஒரே ஆண்டில் 45 கிலோவை எட்டிவிடும். இந்த வேகம்தான் எலும்புக்கு ஆபத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு, மிதமிஞ்சி வரும் கால்சியத்தைத் தடுக்கும் திறன் குறைவு. அளவு மீறினால் எலும்பும் மூட்டும் கோணிப்போகலாம். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீவனத்தில் போதிய கால்சியம் உண்டு. அதற்கு மேல் பாசத்தோடு ஊற்றும் ஒரு மூடி கால்சியம் டானிக்கால் கெடுதல்தான். தீவனத்தை அளந்து, நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். கொழுகொழு குட்டி அழகல்ல.

கூப்பிட்டால் வருவது, வாரை இழுக்காமல் நடப்பது இரண்டையும் 8 வார வயதிலேயே ஐந்து நிமிடப் பாடமாகத் தொடங்கலாம். 10 கிலோ குட்டி மேலே தாவினால் விளையாட்டு. 50 கிலோ நாய் தாவினால் தாத்தா தரையில்.