வலிக்காமல் கெடும் சிறுநீரகம்



பல்வலி வந்தால் வீடே தூங்காது. சிறுநீரகம் அப்படியல்ல. பாதிக்கு மேல் கெட்ட பிறகும் அது வாய் திறக்காது. "இடுப்புல ஒரு வலியும் இல்லையே, எனக்கெப்படி கிட்னி கெடும்?" என்று பலர் கேட்கிறார்கள். இடுப்பைப் பிடித்து இழுக்கும் வலி பெரும்பாலும் கல்லடைப்பால் வருவது. நாள்பட்டுக் கெடும் நோய்க்கு வலி கிடையாது. அதனால் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். அவற்றை நோயாளியைவிடக் கூட இருக்கும் துணைதான் முதலில் கவனிக்க முடியும்.

முதுகெலும்பின் இருபுறமும், மூடிய கை அளவில், இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. இந்தச் சல்லடை பழுதானால், இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதச்சத்து சிறுநீரில் ஒழுகிவிடும். அப்போது சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைக்கும். நெடுநேரம் நுரை அடங்காது. காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவர் இதை எங்கே பார்க்கப் போகிறார்? வீட்டில் கழிப்பறை கட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வீக்கம். காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். சாயங்காலம் கால் வீங்கும். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும். மெட்டி இறுகுகிறது, செருப்பு வார் பதிகிறது என்றால் "சதை போட்டுட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவது, சிறுநீர் கறுப்புத் தேநீர் போலவோ கறி கழுவிய தண்ணீர் போலவோ இறங்குவது, இவையும் கவனிக்க வேண்டியவை. பசியின்மை, குமட்டல், உடம்பு அரிப்பு, தீராத அசதி எல்லாம் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே வருகின்றன. அதுவரை காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். அவர்கள் எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். "மாத்திரை தின்னு தின்னுதான் கிட்னி போச்சு" என்ற பேச்சை நம்பிக் கொதிப்பு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. உண்மையில் கெடுப்பது அடங்காத கொதிப்பு. மாத்திரையைக் குறை சொல்வதென்றால், உடம்பு வலிக்கு நாமாகக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்குகிறோமே, அந்த வலி மாத்திரையைச் சொல்லலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் களை எடுத்துவிட்டு, இரவில் அதையும் போட்டுக்கொண்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியில் சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத உழைப்பாளிகள் பலருக்கும் இந்நோய் வந்திருக்கிறது. முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

கர்ப்பிணிக்குக் கால் லேசாக வீங்குவது சகஜம்தான். ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால், "பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தான்" என்று மாமியார் சொன்னாலும் கணவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கொதிப்பு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதமும் தென்பட்டால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. குழந்தைகளுக்குச் சிரங்கு ஆறி இரண்டொரு வாரத்தில் முகம் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலும் தாமதிக்கக் கூடாது.

வாழைத்தண்டுச் சாறு, இளநீர் என்று வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல சிறுநீரகத்துக்கு இவை கெடுதல் இல்லை. கெட்டுப்போன சிறுநீரகத்தால் இவற்றிலுள்ள பொட்டாசியம் உப்பை வெளியேற்ற முடியாது. அது சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொதிப்பைப் பார்க்கவும் சிறுநீரைச் சோதிக்கவும் காசு வேண்டாம். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஆரம்பத்தில் அது சரியாகவே காட்டக்கூடும். ஆகவே சிறுநீர்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரில், ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, அவர்கள் தரும் சுத்தமான புட்டியில் பிடித்துக் கொடுங்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் இந்தச் சோதனையைத் தள்ளி வைத்து, தீட்டு நின்றபின் போகலாம். கணவரும் மனைவியும் ஒரே நாளில் போனால் ஒரு நாள் கூலியோடு இரண்டு பேர் வேலையும் முடியும்.