மஞ்சள் குழாயும் என் சாண எரிவாயுக் குழாயும்

போன சித்திரையில், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக, சாலையோரம் பொக்லைன் வைத்துக் குழி எடுத்தேன். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது, எனக்கோ அவசரம். முக்கால் மீட்டர் ஆழம் போனதும் வாளிப் பல்லில் மஞ்சள் நாடா ஒன்று சிக்கி வந்தது.

"ஏனுங்கய்யா, என்னமோ எழுதிப் போட்டிருக்குதுங்க, நிறுத்திக்கலாமுங்களா?" என்றார் ஓட்டுநர்.

"குப்பையா இருக்கும், இழுத்துப் போடு தம்பி" என்றேன் நான்.

நல்லவேளை, அவர் என்னைவிட விவரமானவர். வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, நாடாவில் இருந்த தொலைபேசி எண்ணை வாசித்தார். கீழே ஓடியது வீடுகளுக்குப் போகும் எரிவாயுக் குழாய். அந்த நாடாவே "இதற்குக் கீழே தோண்டாதே" என்று சொல்லத்தான், குழாய்க்கு ஓர் அடி மேலே விரித்திருக்கிறார்கள். கடனுக்கு வந்த ஒவ்வொரு விவசாயியிடமும் எல்லாக் காகிதமும் கேட்டு வாங்கிய நான், சாலையோரம் தோண்ட யாரிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் நிறுவனத்தின் இளம் தொழில்நுட்பப் பணியாளர் வந்துவிட்டார். திட்டவில்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

எரிவாயுக் குழாய் என்றாலே நம்மவர்களுக்கு 2014இல் ஆந்திராவின் நகரத்தில் (ஊர்ப் பெயரே நகரம்தான்) இருபதுக்கும் மேற்பட்டோர் வெந்து இறந்ததுதான் நினைவுக்கு வரும். அது நெடுந்தூரம் போகும் இரும்புக் குழாய். ஊருக்குள் வீடு வீடாகப் பிரிவது மஞ்சள் பாலிஎத்திலீன் குழாய். இதில் அழுத்தம் 4 பாருக்குள்தான், நம் கணக்கில் சுமார் 4 கிலோ. வீட்டு அடுப்புக்குப் போகும்போது அதுவும் 21 மில்லிபாராகக் குறைந்துவிடும். துருப் பிடிக்காது, மண் அசைந்தால் கூடவே வளையும். ஆனால் மூன்று பகை உண்டு: வெயில், நெருப்பு, பொக்லைன் வாளி. அதனால்தான் ஒரு மீட்டர் மண்ணுக்குக் கீழே போடுகிறார்கள். வீட்டுச் சுவரில் ஏறுமிடத்தில் உலோகக் குழாய்க்கு மாற்றிவிடுகிறார்கள்.

கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது கீறல் சங்கதி. குழாய்ச் சுவரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கீறல் விழுந்தாலே அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டுமாம். இன்று ஒழுகாது, ஆனால் அந்தக் கீறலிலிருந்து மெல்ல வெடிப்பு ஓடி என்றோ ஒருநாள் விடும். ஆகவே கடப்பாரை லேசாகப் பட்டுவிட்டது என்று மண்ணைத் தள்ளி மூடிவிடாதீர்கள். சொல்லிவிடுங்கள். பசை போட்டு ஒட்டலாமே என்றும் நினைக்க வேண்டாம். கறுப்பு ஓஸில் பிவிசி பசை பிடிக்காதது நமக்குத் தெரிந்ததுதானே, இதுவும் அதே ஜாதி. மின்சாரத்தால் உருக்கித்தான் இணைக்கிறார்கள், ஆறும்வரை அசைக்காமல் கவ்வி வைக்கிறார்கள்.

ஒருவேளை வெட்டுப்பட்டு வாயு சீறினால்? மடக்கிக் கட்டப் போகாதீர்கள். பிளாஸ்டிக்கில் வாயு வேகமாக வரும்போது நிலைமின்சாரம் சேரும், கை கொண்டுபோனால் பொறி பறக்கலாம். மண்ணைப் போட்டும் மூடக்கூடாது. மூடினால் வாயு மண்ணுக்குள்ளேயே நகர்ந்து பக்கத்து மோட்டார் அறையிலோ சாக்கடையிலோ போய்த் தேங்கும். மண்ணில் ஊடுருவி வரும்போது சேர்த்திருக்கும் வாசனையும் குறைந்துவிடக்கூடும், மூக்கை மட்டும் நம்ப முடியாது. பீடி, மோட்டார் சுவிட்சு, வண்டி எதையும் தொடாமல் காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போய், அங்கிருந்து போன் செய்ய வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மோர் குடிக்க வீட்டுக்கு வந்தவர், தொழுவத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "சார், அது என்ன லைன்?" என்றார். என் சாண எரிவாயுக் கலனிலிருந்து சமையலறைக்கு, வேலியோடு தொங்கிய பிவிசி குழாய். ஆறு வருட வெயில் தின்றது. விரலால் அழுத்தினார், ஓட்டாஞ்சில்லு மாதிரி நொறுங்கியது. வீட்டில் ஒரு மாதமாக "அழுகின முட்டை வாசம் வருதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொழுவத்து நாற்றம் என்று நான்தான் தட்டிக்கழித்தேன். வங்கியில் இருந்தபோது எத்தனையோ கோபர் கேஸ் கலன்களுக்குக் கடன் எழுதியிருக்கிறேன். குழாய் எது, எப்படிப் போகிறது என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

நம் கலனில் அழுத்தம் மிகக் குறைவு, சோப்புக் குமிழி விடும் அளவுதான். ஆனாலும் அதில் பாதிக்கு மேல் அதே மீத்தேன்தான், மூடிய சமையலறையில் தேங்கினால் அதே நெருப்புதான். பழையதைக் கழற்றி எறிந்தேன். கலனிலிருந்து வீட்டுச் சுவர் வரை எச்டிபிஇ குழாயைக் கலப்பைக் கொழு எட்டாத ஆழத்தில் புதைத்து, மேலே மஞ்சள் நாடாவும் விரித்தேன். சுவரில் ஜிஐ குழாய். சாண வாயுவில் ஈரம் அதிகம், அது குளிர்ந்து நீராகிக் குழாயை அடைக்கும். அதனால் வாட்டம் கொடுத்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் பொறி வைத்தேன். வாரம் ஒருமுறை அதைத் திறந்து வடிக்கிறேன். மாதம் ஒருமுறை வீட்டில் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறாள், என்னை நம்பாமல்.

புதைத்த தடத்தில் பத்தடிக்கு ஒரு கல் நட்டிருக்கிறேன். அதன் மேல் மரம் வைக்கவில்லை, சருகு கொளுத்துவதும் இல்லை.

சாலையைக் கடக்கும் தண்ணீர்க் குழாய்க்கு இப்போது முறையாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அனுமதி வந்ததும் அவர்களுடைய ஆள் பக்கத்தில் நிற்க, அந்த இரண்டு மீட்டரை மண்வெட்டியால் கையாலேயே எடுப்பதாகப் பேச்சு. அதுவரை அந்த ஒன்றரை ஏக்கரில் மானாவாரிக் கொள்ளுதான்.