மேகமலை மறைக்குமா?

தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டியின் மொட்டைமாடி டிஷ்கள் தென்கிழக்கு நோக்கி நிற்கும். "எதிரே மேகமலை இருக்கே, சிக்னல் வருமா?" என்பார்கள். வரும். டிடி ஃப்ரீ டிஷ்ஷை அனுப்பும் ஜிசாட்-15, நிலநடுக்கோட்டுக்கு மேலே 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. இங்கிருந்து அண்ணாந்தால் சுமார் 68 டிகிரி உயரம். மலையைவிட, பக்கத்துத் தென்னைதான் வில்லன்.

பிறகு டிஷ் ஏன் தாழப் பார்க்கிறது? அலையைப் பிடிக்கும் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்விளிம்போரம் இருப்பதால், சாய்வாக விழும் அலைதான் அதில் குவியும். ஆகவே தட்டின் முகம் இருபது டிகிரிக்கும் மேல் தாழ்ந்தே நிற்கும்.

ஃப்ரீ டிஷ் வரும் கேயூ பேண்டின் அலைநீளம் ஏறத்தாழ 2.7 செ.மீ.; அதனால் 60 செ.மீ. தட்டே போதும். சி பேண்டுக்கு ஏழெட்டு செ.மீ., ஆகவே ஆறடி, எட்டடித் தட்டு. ஆனால் நீளம் குறைந்த அலையை மழைத்துளி எளிதில் விழுங்கும். ஐப்பசி அடைமழையிலும் படம் வேண்டுமா? 90 செ.மீ. வாங்குங்கள்.